மலைவீட்டுக்கு வெந்நீர்: கீசரா, கம்பியா, விறகு பாய்லரா?

மதுரையில் ஒரு குடும்பத்துக்குத் தாராளமாகப் போதுமான கீசரைக் கொண்டுவந்து ஊட்டியில் மாட்டினால், இரண்டாவது ஆள் குளிக்கும்போதே தண்ணீர் சில்லிட்டுவிடும். கீசரில் கோளாறு எதுவும் இல்லை. உள்ளே போகிற தண்ணீர்தான் வேறு. மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மேல்தொட்டித் தண்ணீர் விடியற்காலையில் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். மதுரையில் அது 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் சொல்லும் லிட்டர் கணக்கெல்லாம் அந்த 27-ஐ மனதில் வைத்துச் சொல்வது. மலையில் வாங்குபவர் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். அது கடினமும் இல்லை.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். 860 கிலோ கலோரி ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். குளிக்க இதமான சூடு 40 டிகிரி. ஒரு பெரிய வாளி 20 லிட்டர். ஊட்டித் தண்ணீரை 10-லிருந்து 40-க்கு ஏற்ற 600 கிலோ கலோரி, அதாவது 0.7 யூனிட் ஆகும். மதுரையில் 13 டிகிரி ஏற்றினால் போதும். 260 கிலோ கலோரி, 0.3 யூனிட். நான்கு பேர் தினம் ஒரு வாளி குளித்தால், இரண்டு மாத மின்கணக்கில் ஊட்டி வீட்டுக்கு 168 யூனிட், மதுரை வீட்டுக்கு 72 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை ஊட்டி வீட்டில் வெந்நீர் ஒன்றே விழுங்கி மேலேயும் போய்விடும்.

இதில் இன்னொரு உண்மையும் அடங்கியிருக்கிறது. வாளியில் முக்கிச் சூடேற்றும் ஹீட்டர் கம்பியோ, சின்னக் கீசரோ, பெரிய கீசரோ, மின்சுருளால் சூடேற்றும் எதுவாக இருந்தாலும் ஒரு வாளிக்கு அதே 0.7 யூனிட்தான். ‘இது கரண்ட் கம்மியா இழுக்கும்’ என்று இவற்றில் எதைக் காட்டினாலும், குறைவாக இழுத்தால் அதிக நேரம் ஓடும் என்று புரிந்துகொள்ளுங்கள். கருவிக்குக் கருவி மாறுவது வேகம், வயர் தாங்கும் சுமை, ஆபத்து, பழுது. தேர்வை இவற்றை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

கடைக்குப் போகுமுன் அளக்க வேண்டியவை

முதலில் தண்ணீரின் குளிர். ஒரு சாதாரண வெப்பமானியை (காய்ச்சல் பார்ப்பது உதவாது, அது 35-க்குக் கீழ் காட்டாது) காலை ஆறு மணிக்குத் தொட்டித் தண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். கூடலூர் ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்திலும் ஊட்டி 2240 மீட்டரிலும் இருக்கின்றன. ஒரே மாவட்டம் என்பதற்காக ஒரே கீசர் பொருந்தாது. குன்னூர், கோத்தகிரி இரண்டுக்கும் நடுவில்.

அடுத்து தொட்டியின் உயரம். தொட்டியின் அடிமட்டத்திலிருந்து கீசர் மாட்டப்போகும் இடம்வரை எத்தனை மீட்டர் என்று பாருங்கள். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். தகரக் கூரை, ஓட்டுக் கூரை வீடுகளில் தொட்டி பெரும்பாலும் பக்கத்து மேட்டிலோ குட்டை மேடையிலோ இருக்கும். ஒன்றரை மீட்டர்கூடத் தேறாது. கேஸ் கீசரின் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் 0.2 அல்லது 0.3 பார் என்று அச்சிட்டிருந்தால், அதற்கு 2 முதல் 3 மீட்டர் உயரம் வேண்டும். இல்லாவிட்டால் குழாயைத் திறந்தாலும் அது பற்றாது. ‘புதுக் கீசர் எரிய மாட்டேங்குது’ என்று வரும் புகார்களில் கீசரைக் கழற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இது.

மூன்றாவது மின்னழுத்தம். காலை ஆறரைக்கும் இரவு ஏழரைக்கும் அளக்கச் சொல்லுங்கள். பகல் பதினொரு மணிக்கு அளந்து பயனில்லை. ஊர்க்கோடியில், டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி இருக்கும் வீடுகளில் 230 வோல்ட்டுக்குப் பதில் 180 கிடைப்பது உண்டு. சூடேற்றும் திறன் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும் என்பதால், 180 வோல்ட்டில் 3000 வாட் கீசர் 1840 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். இதற்கு ஸ்டெபிலைசர் வாங்காதீர்கள். 3 கிலோவாட் தாங்கும் ஸ்டெபிலைசர் விலை அதிகம். அது வயரிலிருந்து இன்னும் கூடுதல் ஆம்பியர் இழுத்து, அக்கம்பக்கத்து வோல்ட்டையும் சேர்த்து இறக்கும்.

நான்காவது வயர். 3000 வாட் என்றால் 13 ஆம்பியர்; 2000 வாட் 8.7, 1500 வாட் 6.5. மூன்று கிலோவாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், இரண்டுக்கு 2.5-ம், மெயின் போர்டிலிருந்து தனியாக வர வேண்டும். விளக்குப் புள்ளியிலிருந்து இழுத்த ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயரில் கீசர் போட்டால் முதலில் பிளக் பழுப்பேறும், பிறகு சாக்கெட் உருகும். எர்த் இருக்கிறதா என்பதைக் கண்டிப்பாகச் சோதியுங்கள். மூன்று துளை சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருப்பதாக ஆகிவிடாது; பழைய வீடுகளில் மேல் துளை வெறுமனே இருக்கும். கூடவே, மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. குளியலறைக்குள் எந்த மின்சாதனம் போனாலும் இது இல்லாமல் போகக் கூடாது என்பதில் பேரமே கிடையாது.

ஹீட்டர் கம்பி

வாடகை வீட்டிலும் லயன் வீட்டிலும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) இருப்பவர்களுக்கு இதுதான் கைக்கு எட்டும் கருவி. 1500 வாட் கம்பி 20 லிட்டரை 10-லிருந்து 40-க்கு ஏற்ற 28 நிமிடம் எடுக்கும். 1000 வாட் 42 நிமிடம். வீட்டில் 6 ஆம்பியர் சாக்கெட் மட்டும்தான் இருக்கிறது என்றால் 1000 வாட்டே வாங்குங்கள். 1500 வாட்டுக்கு 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டையுமே செருகக் கூடாது.

கம்பியின் சுருள் வாளியின் அடிப்பக்கம் நெருங்கி இருக்க வேண்டும், ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. சூடான தண்ணீர் மேலே ஏறும். சுருளுக்குக் கீழே இருக்கும் தண்ணீர் அரை மணி கழித்தும் சில்லென்றே இருக்கும். பலர் கம்பியைப் பாதி ஆழத்தில் தொங்கவிட்டு, மேலே கொதிக்கக் கொதிக்க இருப்பதைப் பார்த்து நிறுத்திவிட்டு, கலக்கியபின் ‘ஆறிப்போச்சே’ என்கிறார்கள். வாளியின் வாய்க்குக் குறுக்கே ஒரு மரக்கட்டை வைத்து, அதில் கம்பியின் கொக்கியை மாட்டி நடுவில் நிறுத்துங்கள். கம்பியில் இருக்கும் இரண்டு கோடுகளுக்கு நடுவில் தண்ணீர் மட்டம் இருக்கட்டும். கீழ்க்கோட்டுக்கும் குறைந்தால் சுருள் கருகும். மேல்கோட்டைத் தாண்டினால் இணைப்புக்குள் தண்ணீர் புகும்.

வரிசை மாறவே கூடாது. தண்ணீர், கம்பி, பிளக், சுவிட்ச். எடுக்கும்போது சுவிட்ச், பிளக், பதினைந்து விநாடி பொறுத்தல், கம்பி. சூடு பார்க்க விரலை விடுவதும் பிளக்கைக் கழற்றியபின்தான். இரும்பு வாளி, அலுமினிய அண்டா வேண்டாம். கம்பியில் நுண்ணிய வெடிப்பு விழுந்தால் பாத்திரம் முழுக்க மின்சாரம் பாயும். குளியலறை ஈரத்தரையில் வைக்காமல் காய்ந்த தரையில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துச் சூடேற்றி, பிளக்கைக் கழற்றிய பின் வாளியை உள்ளே தூக்கிச் செல்லுங்கள். ஐ.எஸ். 368 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத கம்பியைச் சந்தையில் குறைந்த விலைக்குக் கூவி விற்றாலும் தொடாதீர்கள். மிச்சமாவது சில நூறு ரூபாய், பணயம் வைப்பது உயிர்.

சின்னக் கீசரும் பெரிய கீசரும்

மூன்று லிட்டர், 3 கிலோவாட் ‘இன்ஸ்டன்ட்’ கீசர் சமவெளியில் நன்றாக விற்பனையாகிறது. மலையில் அதை வாங்காதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்லலாம். 3 கிலோவாட் நிமிடத்துக்கு 43 கிலோ கலோரி தரும். மதுரைத் தண்ணீரில் நிமிடத்துக்கு 3.3 லிட்டர் இதமாக வரும். வாளி ஆறு நிமிடத்தில் நிறையும். ஊட்டித் தண்ணீரில் 1.4 லிட்டர்தான், வாளிக்குப் பதினான்கு நிமிடம். வோல்ட் 180-க்கு இறங்கினால் 0.9 லிட்டராகி, இருபத்து மூன்று நிமிடம் ஆகும். ஷவர் வைத்தால் நூல் மாதிரி ஒழுகும். சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவ, கை கழுவ அது நல்ல பொருள், அங்கே வையுங்கள்.

தண்ணீரைத் தேக்கிவைத்துச் சூடேற்றும் தொட்டிக் கீசரில் வோல்ட் குறைந்தால் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்; சூடு குறையாது. 15 லிட்டர், 2 கிலோவாட் கீசரை 60 டிகிரிக்கு வைத்தால் ஊட்டியில் 26 நிமிடத்தில் சூடாகும். 180 வோல்ட்டில் 43 நிமிடம். அந்த 15 லிட்டரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் 25 லிட்டர் கிடைக்கும் என்பது கணக்கு. உள்ளே நுழையும் குளிர்நீர் கொஞ்சம் கலந்துவிடுவதால் கைக்கு வருவது 20-ஐச் சற்றுத் தாண்டும். மதுரையில் அதே கீசர் 38 லிட்டர் தரும். ஆக ஊட்டியில் 15 லிட்டர் ஒருவர் குளிக்க. 25 லிட்டர் இருவர் அடுத்தடுத்துக் குளிக்க. நான்கு பேர் காலை ஏழு மணிக்குள் கிளம்பும் வீட்டுக்கு 25 லிட்டர் போதும், இருவர் குளித்ததும் முக்கால் மணி இடைவெளி விட்டால். விட முடியாது என்றால் 35 அல்லது 50 லிட்டரைப் பாருங்கள்.

நட்சத்திரக் குறியைப் பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். தொட்டிக் கீசரில் அது காட்டுவது சூடேற்றும் திறனை அல்ல. சூடான தண்ணீர் சும்மா நிற்கும்போது ஒரு நாளில் எவ்வளவு வெப்பம் கசிகிறது என்பதைத்தான். நாள் முழுக்க சுவிட்ச் போட்டே வைக்கும் விடுதிக்கு ஐந்து நட்சத்திரம் அவசியம். குளிர்காலத்தில் மலையில் கசிவு சமவெளியைவிட ஒன்றரை மடங்கு இருக்கும். குளிக்குமுன் அரை மணி போட்டு, குளித்ததும் அணைக்கும் வீட்டுக்கு ஒரு நட்சத்திரக் கூடுதலுக்குப் பெரிய தொகை கொடுப்பதில் பொருளில்லை. அந்தப் பணத்தை வயருக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் செலவிடுங்கள்.

அதேபோல ‘உப்புப் படியாது’ என்று சொல்லி விற்கும் கூடுதல் வசதிகள். மலையில் ஊற்று, ஓடைத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். சோப்பு உடனே நுரைக்கிறது, பாத்திர அடியில் வெள்ளை படிவதில்லை என்றால் அந்த வசதி உங்களுக்கு வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். மென்னீருக்கு வேறு குணம் உண்டு: அது சுண்ணாம்பைப் படியவிடாது, உலோகத்தை அரிக்கும். தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பி அந்த அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளத்தான் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் நான்கைந்து ஆண்டில் தொட்டி ஓட்டை என்று புதுசு வாங்குகிறார்கள்.

கீசர் சூடாகும்போது கீழே வால்விலிருந்து சொட்டினால் பதற வேண்டாம். 15 லிட்டர் தண்ணீர் 10-லிருந்து 60-க்குப் போகும்போது கால் லிட்டர் விரியும். அந்த விரிவுதான் சொட்டுகிறது. அதை எம்-சீல் வைத்து அடைப்பது கீசரைக் குண்டாக்குவதற்குச் சமம். ஒரு சின்னக் குழாய் சொருகி வடிகாலுக்கு விடுங்கள். வெந்நீர் போகும் குழாய் சி.பி.வி.சி.யாக இருக்கட்டும், சாதாரண வெள்ளை பி.வி.சி. 60 டிகிரியில் தளர்ந்து வளையும்.

கேஸ் கீசர்

மின்சாரம் இல்லாமல் ஓடும்; பற்றவைக்க இரண்டு பேட்டரி போதும். ஒரு வாளிக்கு ஏறக்குறைய 70 கிராம் கேஸ், அதாவது 14.2 கிலோ சிலிண்டருக்கு 200 வாளி. நல்ல கணக்குதான். ஆனால் மலையில் இதன் ஆபத்து இரு மடங்கு. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் துணி செருகிக் குளிப்பது நம் வழக்கம். அறைக்குள் கேஸ் எரிந்தால் ஆக்ஸிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று உணர்வதற்குள் கால் துவண்டுவிடும், கதவுத் தாழ்ப்பாளைத் திறக்க முடியாது. கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் இறந்துபோகும் செய்தி ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து வருவதும் இதே வாயுவால்தான். ஆகவே கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில், மழைச்சாரல் படாத கூரைக்கடியில்தான் இருக்க வேண்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரலாம். அப்படி மாட்ட இடமில்லாத வீட்டுக்குக் கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம். ‘மேலே ஒரு ஓட்டை போட்டா போதும்’ என்று சொல்லும் ஆளை அனுப்பிவிடுங்கள்.

கடும் குளிரில், சிலிண்டர் தீரும் தறுவாயில், திரவம் ஆவியாவது மந்தமாகி நெருப்பு சுருங்கும். சிலிண்டர்மேல் வெந்நீர் ஊற்றாதீர்கள். கொஞ்சம் இளம் வெயில் வந்தபின் உபயோகியுங்கள், அல்லது சிலிண்டரை மாற்றுங்கள்.

விறகு பாய்லர்

கொல்லைப்புறத்தில் நிற்கும் செம்பு அல்லது துத்தநாகம் பூசிய தகர பாய்லரைப் பழைய காலத்துப் பொருள் என்று தள்ள வேண்டியதில்லை. வோல்ட், அழுத்தம், எர்த் எதுவும் அதற்கு வேண்டாம். வாய்ப்புனலில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடிக்குப் போய், மேலே இருக்கும் வெந்நீரை மூக்கு வழியாக வெளியே தள்ளும். ஒரு சொம்பு ஊற்றினால் ஒரு சொம்பு வரும். இந்த மூக்கிலோ புனலிலோ மூடியோ குழாய்த் திருகோ மாட்டாதீர்கள். நீராவி போக வழியில்லாமல் வெடிக்கும். தண்ணீர் நிரப்பாமல் தீ மூட்டினால் ஈயப்பற்று உருகி ஒழுகத் தொடங்கும்.

காய்ந்த விறகு ஒரு வாளிக்கு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம் பிடிக்கும். ஈர விறகு இரண்டு மடங்கு கேட்கும், புகையும் கண்ணைக் கரிக்கும். கவாத்துக்குப் பிந்தைய தேயிலைக் கட்டையும் சீகையும் (வாட்டில் மரம்) நின்று எரியும். கற்பூரமரம் (யூகலிப்டஸ்) வேகமாகப் பற்றும். பைன் பிசினால் புகைக்குழாயில் கரி அடையும். பைன் எரிப்பவர்கள் மாதம் ஒருமுறை குழாயைக் குச்சியில் சாக்குத் துணி கட்டி இழுத்துத் துடைக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் விறகு வெட்டுவது குற்றம். விறகுக் கடையிலோ தோட்டத்திலோ வாங்குங்கள். பாய்லர் வீட்டுக்கு வெளியேதான் இருக்கட்டும். குளியலறைச் சுவருக்குள் பதித்திருந்தால் தீ வாயும் புகைக்குழாயும் வெளிப்பக்கம் திறந்திருக்க வேண்டும்.

தண்ணீர் கொதிக்கும்வரை எரிப்பதும் வீண். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் போடும் விறகெல்லாம் ஆவியாகப் போகிறது. விளிம்பில் சின்னக் குமிழ் எழும்போதே கொள்ளியை இழுத்துவிடுங்கள்.

சோலார்

வெயில் எங்கிருந்து, எந்த மாதம் மறைகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மூட்டம். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானலில் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும்; பகல் வெயில் நன்றாகவே சூடேற்றும். ஊட்டிப் பக்கத்துத் தலைக்குந்தா, காந்தல் போலப் பள்ளத்தில் பனி இறங்கும் இடங்களில் செம்புக்குழாய் வைத்த தட்டைப் பலகை வேண்டாம். இரவில் குழாய்நீர் உறைந்து பிளக்கலாம். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் தாங்கும். குரங்கு நடமாட்டம் உள்ள ஊரில் அதன்மேல் கம்பிவலை கட்டாயம். தெற்கு நோக்கி, 20 முதல் 22 டிகிரி சாய்வில் வையுங்கள்.

மேலிருந்து குளியலறைவரை 15 மீட்டர் முக்கால் அங்குலக் குழாய் என்றால், வெந்நீர் வருமுன் நான்கு லிட்டருக்கு மேல் குளிர்நீர் கொட்டும். அரை அங்குலம் போட்டால் இரண்டு லிட்டர். முழு நீளத்துக்கும் கறுப்பு நுரை உறை போடுங்கள். சோலார் தொட்டிக்குள்ளேயே ஹீட்டர் கம்பி மாட்டித் தருவதாகச் சொல்வார்கள். 100 லிட்டரை 60-க்கு ஏற்ற கிட்டத்தட்ட 6 யூனிட் போகும். அதற்குப் பதில் குளியலறையில் 15 லிட்டர் கீசர் ஒன்றை வைத்து, மூட்டமான நாளில் மட்டும் சோலார்த் தண்ணீரை அதன் வழியாக விடுங்கள். 30 டிகிரியில் வரும் தண்ணீரை 60-க்கு ஏற்ற அரை யூனிட்தான்.

எதை வாங்குவது

சொந்த வீடு, நல்ல வயரிங், நான்கு பேர்: 25 லிட்டர், 2 கிலோவாட் தொட்டிக் கீசர். முதியவர் இருக்கும் வீட்டிலும் இதுவே. கம்பியைக் கையாளும் வேலையை அவர்களுக்கு வைக்காதீர்கள். வயர் மெல்லியதாக இருக்கும் லயன் வீடு, பழைய ஊர் வீடு: கொல்லையில் விறகு பாய்லர், கூடவே அவசரத்துக்கு 1000 வாட் கம்பி. விருந்தினர் தங்கும் வீடு: சோலாரும் கீசரும் சேர்த்து. கேஸ் கீசர், வெளிச்சுவரும் தொட்டி உயரமும் இரண்டும் இருப்பவர்களுக்கு மட்டும்.

எதை வாங்கினாலும் மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது போன்ற மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மின்சாரம் திரும்ப நாள்கள் ஆகும். கேஸ் அடுப்பில் ஒரு அண்டாத் தண்ணீர் வைப்பதே போதுமான மாற்று. வாளிக்கு 85 கிராம் கேஸ் ஆகும், மூடி போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். பாய்லர் இருப்பவர்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வெயில் இருக்கும்போதே விறகைப் பிளந்து, தரையிலிருந்து ஒரு செங்கல் உயரத்தில், கூரைக்கடியில், காற்று புகும்படி இடைவெளிவிட்டு அடுக்கிவிட வேண்டும். மே மாதக் கோடை மழைக்குப் பிறகு வாங்கும் விறகு அந்த ஆண்டு காயாது.